நடையும் நினைவும்

நடப்பதற்கு மூளை எதற்கு என்று எவரேனும் கேட்டால் நாம் நகைத்துவிடுவோம். ஆயினும் நாள்தோறும் நாம் நடக்கின்ற விதம் அக்கேள்வியை நியாயமானதாக்குவது போலவே இருக்கின்றது. சண்டிலிப்பாய்ச் சந்தியிலிருந்து வீட்டுக்கு வருகின்றோம். கையிலே மரக்கறிப் பை, பக்கத்திலே அயல்வீட்டுக்காரர், வாயிலே ஊர்ப் புதினம், மனத்திலே பிள்ளையின் பரீட்சை. எந்தக் கால் எப்பொழுது தூக்கப்பட்டது, எவ்விடத்தில் ஊன்றப்பட்டது என்று படலையடியில் வைத்து ஒருவர் வினவினால் விடை சொல்ல நம்மால் இயலாது. கால்கள் தாமே வந்தன. நாம் பேசிக்கொண்டு வந்தோம்.

யானும் இதைப்பற்றி ஒருபோதும் சிந்தித்தவன் அல்லேன். சென்ற ஆண்டு மாரி தொடங்கிய வேளையில் எங்கள் ஐயாவுக்குப் பாரிசவாதம் கண்டது. அதன் பின்னரே சிந்திக்கலானேன்.

ஐயாவுக்கு வயது எழுபத்தாறு. கமக்காரர். வழுக்கியாற்றை அடுத்த வயல்களில் ஐம்பது ஆண்டுக்கு மேல் உழைத்தவர். அவ்வயல் வரம்புகளைப் பார்த்தவர்கள் அறிவர். சில இடங்களில் அகலம் ஒரு சாணுக்கு மேல் இராது. மழை பெய்தால் எண்ணெய் பூசியது போல வழுக்கும். அந்த வரம்பின்மேல், தலையிலே கதிர்க்கட்டும் வாயிலே சுருட்டுமாக, பின்னால் வருபவரோடு எல்லை வழக்குப் பேசிக்கொண்டு அவர் நடந்து போவதைச் சிறு வயதில் எத்தனையோ தரம் கண்டிருக்கின்றேன். ஒருநாளும் அவர் கால் தவறியதில்லை.

ஒரு விடியற்காலையில் வாய் கோணிற்று, சொல் குழறிற்று, இடக்கையும் இடக்காலும் விழுந்துவிட்டன. எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று சிலர் சொன்னார்கள். நல்ல வேளையாக அம்மா அதற்கு இணங்கவில்லை. அயலாரின் வாகனத்தில் ஏற்றி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். மூளையின் வலப்புறத்தில் ஓர் இரத்தக் குழாய் அடைபட்டிருந்தது. மூளையிலிருந்து இறங்கும் நரம்புகளிற் பெரும்பாலானவை கழுத்துக்கு மேலே, மூளையின் அடிப்பாகத்தில், இடம் வலமாக மாறிச் செல்வதனால் வலப்புற மூளைக்கு நேர்ந்த கேடு இடப்புற உடலிலே தோன்றிற்று. பேச்சு சில நாட்களில் திருந்திவிட்டது. கால் திருந்த மாதங்கள் சென்றன.

இரண்டு மாதத்தின் பின் பொல்லு ஊன்றி விறாந்தையிலிருந்து கிணற்றடி வரை நடக்கத் தொடங்கினார். இடக்காலை நேரே தூக்கி வைக்க இயலாது. அரைவட்டமாகச் சுழற்றி வைப்பார். அப்பொழுதுதான் வீட்டிலுள்ளோர் ஒரு புதுமையைக் கண்டனர். நடந்துகொண்டிருக்கும்போது யாரேனும் ஒன்றைக் கேட்டால் அவர் நின்றுவிடுவார்; பொல்லை இறுகப் பற்றிக்கொண்டு பதில் சொல்லுவார்; பதில் முடிந்த பின்னரே அடுத்த அடி எழும்பும்.

“உந்த மனுசனுக்கு இப்ப வீம்பும் வந்திட்டுது. நடந்துகொண்டே சொன்னால் என்னவாம்?” என்று அம்மா குறைப்பட்டுக்கொண்டார். காது மந்தமாகிவிட்டது என்றாள் தமக்கை. நடைப் பயிற்சிக்குச் சோம்பித்தான் இப்படிச் சாட்டுச் சொல்கிறார் என்று யான் எண்ணினேன். மூவர் கணிப்பும் பிழை.

தைப்பொங்கலுக்குச் சில நாட்கள் முன்பு, கல்லூரியிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கிய யான், படலையடியில் நின்றவாறே, “ஐயா, மேற்கு வயல் உறுதி எங்கை வைச்சனீங்கள்?” என்று உரக்கக் கேட்டேன். அவர் கிணற்றடியிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். என் குரலில் அவசரம் இருந்தது போலும். அன்றைக்கு அவர் நிற்கவில்லை. “பெட்டகத்துக்கை, உன்ரை கொம்மா...” என்று தொடங்கியவர் அவ்வளவில் இடக்கால் தடக்கி முற்றத்திலே குப்புற விழுந்தார். எலும்பு முறியவில்லை. நெற்றியிலே நான்கு தையல் போட நேர்ந்தது.

முற்றத்திலே கிடந்த கல்லைத்தான் எல்லோரும் வைதோம். பயிற்சி கொடுக்க வந்த இயன்மருத்துவர்தான் உண்மையைச் சொன்னார். “நடக்கேக்கை ஐயாவுக்குக் கதை குடுக்காதேங்கோ மாஸ்ரர்” என்றார் அந்த இளம்பெண். “அவர் காலாலை நடக்கேல்லை, இப்ப யோசிச்சு யோசிச்சுத்தான் நடக்கிறார்.”

அவ்வொரு வாக்கியத்தை விளங்கிக்கொள்ளவே அதற்குப் பின் பல இரவுகள் படித்தேன். யான் வைத்தியன் அல்லேன், விலங்கியல் கற்பிப்பவன். எனக்கு விளங்கியதை இங்கே எழுதுகின்றேன்.

1997 ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டின் ஊமியோ என்னும் நகரத்து ஆராய்ச்சியாளர் சிலர், லண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செற்’ என்னும் வைத்திய சஞ்சிகையில் மிகச் சிறியதொரு கட்டுரையை வெளியிட்டனர். முதியோர் இல்லங்களில் வாழ்ந்த 58 பேரை அவர்கள் கவனித்தனர். அதற்கு யந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. முதியவரோடு கூட நடந்து சென்று இடையிலே பேச்சுக் கொடுப்பதே பரிசோதனை. 12 பேர் பேச்சுத் தொடங்கியதும் நின்றுவிட்டனர். அடுத்த ஆறு மாதத்தினுள் அப்பன்னிருவருள் 10 பேர் விழுந்தனர்! பேச்சுக்கு நிற்பவர் விழக்கூடியவர் என்பதை உலகம் இந்த எளிய சோதனையால் அறிந்துகொண்டது. எங்கள் வீட்டில் நாளொன்றுக்கு இருபது தரம் இச்சோதனையை நடத்தியிருக்கின்றோம்; முடிவை வாசிக்கத்தான் தெரியவில்லை.

நிற்பதனால் ஒருவர் விழுவதில்லை. நடையையும் பேச்சையும் ஒருங்கே நடத்தப் போதிய முதல் கையிலில்லை என்பதற்கு நிற்றல் ஓர் அறிகுறி; அவ்வளவே. முதல் போதாதென்று உணர்ந்து நிற்பவர் தம்மைக் காத்துக்கொள்கின்றார். அவசரப்படுத்தி நிற்கவிடாமற் செய்வோமாயின் அந்தக் காப்பும் போய்விடுகின்றது.

இனி, அந்த ‘முதல்’ யாது என்று பார்ப்போம்.

ஆரோக்கியமான உடலில் நடையின் பெரும்பகுதி மூளையின் உயர்தலங்களுக்கு எட்டாமலே நடைபெறுகின்றது. 1911 ஆம் ஆண்டில் கிரஹாம் பிறவுண் என்னும் பிரித்தானிய உடற்றொழிலியல் அறிஞர், மூளையோடு தொடர்பு அறுக்கப்பட்ட பூனையின் முண்ணாண், அதாவது முதுகெலும்பினூடே இறங்கும் நரம்புக் கொடி, தானாகவே கால்களை மடக்கியும் நீட்டியும் நடைத் தாளத்தை எழுப்ப வல்லது என்று காட்டினார். 1966 இல் மொஸ்கோவிலே சீக் முதலான மூவர் இன்னொரு விந்தையைக் கண்டனர். பூனையின் நடுமூளையில் ஒரு சிறு இடத்தைச் சிறிதளவு மின்சாரத்தால் தூண்டினால் அது நடக்கின்றது. மின்சாரத்தைக் கூட்டினால் ஓட்ட நடையாகின்றது. மேலும் கூட்டினால் பாய்ந்தோடுகின்றது. ‘நட’ என்ற ஒரு கட்டளை மேலிருந்து வந்தாற் போதும். எந்தத் தசை எப்பொழுது இறுகவேண்டும் என்பதைக் கீழுள்ளோர் பார்த்துக்கொள்வர். மனிதரில் மூளையின் பங்கு பூனையினும் அதிகம். இருகாலில் நிமிர்ந்து நிற்பது எளிய காரியமா? எனினும் ஒழுங்கு இதுவே. பாடநூல்கள் மூளி என்று கூறும் சிறுமூளையும், மூளையின் ஆழத்திலுள்ள நரம்புக் கணுக்களும், முண்ணாணும் தமக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இதனால் நெற்றிக்குப் பின்னேயுள்ள மூளையின் முன்பகுதி ஓய்வாயிருக்கின்றது. திட்டமிடல், கணக்குப் பார்த்தல், நினைவில் வைத்தல், தீர்மானித்தல் ஆகியன அதன் தொழில்கள். ஓய்வாயிருப்பதனாலேதான் நாம் நடந்துகொண்டே வழக்குப் பேச முடிகின்றது.

மாணவர்க்காக ஓர் உவமை சொல்கின்றேன். ஒரு கல்லூரியிலே மணியடிக்கவும் கதவு திறக்கவும் கடிதம் கொண்டு செல்லவும் சிற்றூழியர் இருக்கின்றனர். அதிபர் தம் அறையிலிருந்து நிர்வாகம் செய்கின்றார். ஒருநாள் சிற்றூழியர் எவரும் வரவில்லை. அதிபரே ஓடி ஓடி மணியடிக்கின்றார். கல்லூரி நடக்கத்தான் செய்கின்றது. ஆனால் அந்நேரம் பெற்றார் ஒருவர் வந்து பிள்ளையின் அனுமதி பற்றிக் கேட்டால் என்னாகும்? பெற்றாரோடு பேசினால் மணி தவறும். மணியைப் பார்த்தால் பெற்றார் காத்திருக்கவேண்டும். பாரிசவாதத்தின் பின் நடக்கும் ஒருவருடைய தலைக்குள்ளே நிகழ்வது பெரும்பாலும் இதுவே. மூளையிலிருந்து காலுக்குச் செல்லும் பழைய வழி சிதைந்துவிட்டது. ஆகவே, இடக்காலைத் தூக்கு, முழங்காலை மடி, பாதத்தை ஊன்று, இப்பொழுது பாரத்தை மாற்று என்று அடிதோறும் அதிபரே நின்று ஏவவேண்டியிருக்கின்றது.

இஃது உவமைதானே, உண்மையென்று எப்படிக் கண்டனர் என்று கூரிய மாணவன் ஒருவன் கேட்பான். கேட்கவேண்டியதே.

நம் அயற்கிராமமாகிய மானிப்பாயில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே டொக்டர் சாமுவேல் கிறீன் என்னும் அமெரிக்க மிஷன் வைத்தியர், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்ததை நம் பிள்ளைகளிற் பலர் அறியார். 1872 இல் வெளிவந்த அவருடைய ‘மனுஷ அங்காதிபாதம்’ மூளையின் பகுதிகளையெல்லாம் தமிழிலே விவரிக்கின்ற நூல். ஆயினும் அக்கால வைத்தியர் அறிந்தது பிணத்தின் மூளையையே. உயிரோடு இருப்பவனின் மூளையைக் காணும் கருவிகள் பின்னே வந்தன. அவற்றுள்ளும், காந்தப் படமெடுக்கும் பெரிய யந்திரத்தினுள் மனிதன் அசையாது படுத்திருக்கவேண்டும். படுத்திருப்பவன் நடப்பது எங்ஙனம்?

இருட்டிலே மின்சூளை உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள். விரல்கள் செந்நிறமாய் ஒளிரும். மற்றை நிறங்களைத் தசையும் இரத்தமும் விழுங்கிவிட, சிவப்பு மட்டும் ஊடுருவி வருகின்றது. சிவப்புக்கும் அப்பால், கண்ணுக்குப் புலப்படாத செங்கீழ்க் கதிர்கள் இன்னும் நன்றாக ஊடுருவும். மண்டையோட்டையும் அவை கடக்கும். இரத்தத்திலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனோடு கூடியிருக்கும்போது ஒருவிதமாகவும் கூடாதிருக்கும்போது வேறுவிதமாகவும் இக்கதிரை உறிஞ்சுகின்றது. 1977 இல் பிரான்ஸ் யோப்சிஸ் என்பவர் இவ்வழியாக மூளையிலுள்ள ஒட்சிசனின் நிலையை வெளியிலிருந்தே அறியலாம் என்று காட்டினார். மூளையின் எப்பகுதி உழைக்கின்றதோ அப்பகுதிக்கு இரத்தம் விரைந்து பாயும். உடலின் நிறையில் நூற்றுக்கு 2 பங்கேயான மூளை, ஓய்வாயிருக்கும் உடல் கொள்ளும் ஒட்சிசனில் ஏறக்குறைய 20 பங்கைத் தானே கொள்கின்றது அன்றோ! ஆகவே நெற்றியிலே ஒரு பட்டியைக் கட்டி, அதிலே ஒளி விடும் முனையையும் ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர் தள்ளி ஒளி வாங்கும் முனையையும் பதித்துவிட்டால், நடப்பவருடைய நெற்றிக்குப் பின்னே நிகழும் உழைப்பை அளந்துகொண்டே கூட நடக்கலாம். நெற்றியிலே மயிர் இல்லாமையும் வசதியாயிற்று.

யப்பானிலே மியாய் என்னும் வைத்தியரும் அவர் குழுவினரும் 2001 இல் இம்முறையாலே நடப்பவர் மூளையைப் படமாக்கினர். பின்னர் பாரிசவாதக்காரரைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் சோதித்து, நடை திருந்தத் திருந்த மூளையின் இரு பக்கத்து உழைப்பிலும் இருந்த ஏற்றத்தாழ்வு குறைந்து வந்ததை 2003 இல் அறிவித்தனர். 2016 இல் ஒக்ஸ்போட் ஆய்வாளர் உள்ளிட்ட ஒரு குழு, பாரிசவாதம் கண்டவரையும் காணாதவரையும் ஓடுபட்டிகையில் நடக்கவைத்து, கூடவே மனத்தாற் செய்யும் ஒரு வேலையையும் கொடுத்தது. இரு சாராருக்கும் நெற்றிப்புற மூளையின் உழைப்பு ஏறிற்று. பாரிசவாதக்காரருக்கு அவ்வேற்றம் கூடுதலாயிருந்தது. 2018 இல் அமெரிக்காவின் புளோரிடாவில் நடந்த ஆய்வு இன்னும் ஒருபடி சென்று, வேறு வேலை எதுவும் இன்றி வெறுமனே நடக்கும்போதே இவர்களுடைய முன்மூளை இளைஞரினும் அதிகமாக உழைக்கின்றது என்று கண்டது. இயன்மருத்துவர் சொன்ன “யோசிச்சு யோசிச்சு” என்பது அளந்தறிந்த உண்மைதான்.

ஆயினும் எல்லா ஆய்வும் ஒரே குரலிற் பேசவில்லை. சிலருக்கு இரண்டாவது வேலை வந்ததும் உழைப்பு ஏறுகின்றது, சிலருக்கு ஏறவேயில்லை. ஏறாமைக்கு, ஏற்கெனவே எல்லை மட்டும் ஏறிவிட்டது என்பது ஒரு விளக்கம். நெற்றிப்புறம் மிகுதியாக உழைப்பது, சிதைந்த வழிக்கு ஈடுகட்டும் நல்ல செயலா, வீண் செலவா என்பதும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒளியோ மூளையின் மேற்பரப்பை மட்டுமே எட்டுகின்றது. ஆழத்திலுள்ள கணுக்கள் என்ன செய்கின்றன என்பதை அந்தப் பட்டி அறியாது. கருவியின் வரம்பை மறந்து அதன் முடிவை மட்டும் கொண்டாடுவது நம் காலத்துப் பிழைகளுள் ஒன்று.

இதையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தபோது எனக்கு அவதானிகளின் நினைவு வந்தது. நம் புலோலியூரிலே 1871 இற் பிறந்து 1907 இல் மறைந்த நா. கதிரைவேற்பிள்ளை, சதாவதானி என்று தமிழகத்திலே பெயர் பெற்றவர். ஒருபுறம் பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுப்பர், ஒருபுறம் கணக்குக் கேட்பர், முதுகிலே கல்லெறிவர், எல்லாவற்றையும் நினைவில் நிறுத்தி விடையிறுப்பதே அவதானக் கலை. அதனைக் கண்டு வியக்கின்றோம். எங்கள் ஐயாவோ ஒரு காலை ஊன்றி மறு காலைத் தூக்கும்போதே பெட்டகத்தையும் நினைக்கவேண்டியிருந்தது. அவருக்கு அதுவே சதாவதானம். ‘அவதானம்’ என்று நம் நாட்டு வீதிப் பலகைகளில் எழுதி வைக்கின்றார்களே, அச்சொல்லின் முழுப் பொருளும் எனக்கு அப்பொழுதுதான் விளங்கிற்று.

வீட்டிலே சில வழக்கங்களை மாற்றினோம். அவர் நடக்கும்போது எவரும் தொலைவிலிருந்து கூப்பிடுவதில்லை. சொல்லவேண்டியிருந்தால் அவர் கதிரையிலே அமர்ந்த பின் சொல்லுவோம். சட்டைப் பையிலிருந்த கைத்தொலைபேசியை எடுத்து மேசையில் வைத்தோம். ரொறன்ரோவிலிருந்து தம்பி பாசத்தோடு எடுக்கும் அழைப்பு, ஐயா படியிறங்கும் வேளையில் வந்தால் அது பாசத்தோடு விடும் கல்லே. முற்றத்துக் கல்லையும் அகற்றினோம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. முன்பு கல்லை வைதது பிழையென்றாலும் கல் கல்தான்.

ஆனால் என்றைக்கும் அவரை மௌனத்திலே நடத்துவதும் சரியன்று என்றார் இயன்மருத்துவர். உலகம் மௌனமாயிராது, கோவிலுக்குப் போனால் நாலு பேர் சுகம் விசாரிப்பர். ஆகவே நடை ஓரளவு உறுதிப்பட்டதும், சமதரையிலே, இடப்பக்கத்தில் ஒருவர் கைகொடுக்க ஆயத்தமாய் நிற்க, சிறிது சிறிதாக இரண்டாம் வேலையைச் சேர்க்கலாம். முதலிலே பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணுதல். பிறகு அரைச் செம்பு தண்ணீர் ஏந்தி நடத்தல். இவ்வாறு சேர்த்துப் பயிற்றுவது தனி நடைப் பயிற்சியினும் மேலானதா என்பதில் ஆய்வுகள் இன்னும் ஒருமுகப்படவில்லை. நடையின் வேகம் இரண்டாலும் கூடுகின்றது. எவருக்கு எப்பொழுது எதைத் தொடங்குவது என்பது அவரைப் பரிசோதித்தவர் சொல்லவேண்டியது. இக்கட்டுரையைப் பார்த்து வீட்டிலே தொடங்கவேண்டாம்.

நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டு நடக்கும்படி ஐயாவைக் கேட்டபோது, “நானென்ன உன்ரை பள்ளிக்கூடப் பொடியனோ?” என்று சினந்தார். ஆய்வுகூடங்களில் அதுதான் வழக்கமான கணக்கு என்று எடுத்துச் சொல்லியும் பயனில்லை. பிறகு அம்மாவே ஒரு வழி கண்டார். எங்கள் பகுதியில் ஒவ்வொரு காணிக்கும் உறுதியிலே தனிப் பெயர் உண்டு. கிணற்றடிக்குப் போகும்போது வழுக்கியாற்றங்கரையில் வடக்கேயிருந்து தெற்காக வயற் பெயர்களைச் சொல்லிக்கொண்டு போகவேண்டும். திரும்பும்போது தெற்கேயிருந்து வடக்காக. முதல் வாரம் ஒரு பெயருக்கு ஒரு தரம் நின்றார். போகும் வழி விரைவிலே திருந்திற்று. திரும்பும் வழிக்கு இன்னும் இரண்டு வாரம் பிடித்தது. தலைகீழாகச் சொல்வது கடினமல்லவா? இடையிலே ஒரு வயலைத் தவறவிட்டால் அம்மா விறாந்தையிலிருந்து திருத்தமாட்டார். அவர் வந்து அமரும்வரை பொறுத்திருந்து திருத்துவார். நாற்பத்தெட்டு ஆண்டு இல்லறத்தில் அவர் இவ்வளவு பொறுத்திருந்து யான் கண்டதில்லை.

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை யான் விறாந்தையிலே விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஐயா கிணற்றடியிலிருந்து வந்துகொண்டிருந்தார். பொல்லின் ஓசை ஒரே தாளமாய்க் கேட்டது. அத்தாளம் குலையாமலே, “இண்டைக்குப் பள்ளிக்கூடம் இல்லையோ?” என்று அவர் குரல் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். நடந்துகொண்டே கேட்டிருக்கின்றார்!

“ஞாயிற்றுக்கிழமை, ஐயா” என்றேன், என்னையறியாமலே.

பதிலைக் கேட்பதற்கு நின்றார். பொல்லை ஊன்றி, தலையசைத்து, பின்னர் இடக்காலை எடுத்து வைத்தார்.